தகரம் விழுந்த நேரம்

நான்கு மூலை ஆணிகளில் மூன்று கழன்று வந்துவிட்டன. நான்காவது மட்டும், மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கிளம்புகிற யோசனையே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

டெய்லர் ஒரு காலை மாடி ஜன்னல் விளிம்பிலும் மறு காலை மழைநீர்க் குழாயிலும் வைத்திருந்தார். ஒரு கை ஜன்னல் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தது. மறு கை குறடு போட்டு ஆணியை இழுத்துக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஆணி கிறீச்சிட்டால் அவருக்குப் பல் கூசும். அதனால், கோட்டுத் தோளில் வைத்துத் தைக்கிற பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்திருந்தார்.

அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே நின்று மனைவி பேசியது பாதிதான் கேட்டது.

"ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கழட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஊசி பிடிக்கிற கையில குறடு எதுக்கு?"

"என்ன?"

"விழுந்துடாதீங்கன்னேன். இருங்க, காலுக்கு ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்."

"எதுக்குப் பால்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

கழற்றிக்கொண்டிருந்தது கடையின் பழைய போர்டு. ஆள் உயரத் தகரம். அதில் இருந்த எழுத்தையெல்லாம் வெயில் தின்றுவிட்டது. கத்தரிக்கோல் படத்தில் மட்டும் ஒரு பாதி மிச்சமிருந்தது. பார்ப்பவர்கள் அதைக் கொக்கு என்றுதான் நினைத்தார்கள். புதுப் போர்டு தயாராகி வந்து கடைக்குள் சாய்ந்திருந்தது. 'குதிரைப்படைக்கு உடை தைப்பவர்' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

அது வெறும் ஜம்பம் இல்லை. ஊர்க்கோடியில் இருக்கும் பட்டாளத்து முகாமின் குதிரைப்படைக்கு, அணிவகுப்புக் கோட்டு அத்தனையும் தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதை நம்பிக் கல்யாண பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் அடுத்த தெரு டெய்லருக்குத் தாரைவார்த்துவிட்டார். இனி பட்டாளம் இருந்தால்தான் கடை.

டெய்லர் மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

ஆணி வந்தது. கூடவே தகரமும் வந்தது.

அவர் குறட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். தகரம் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் பஞ்சையும் தாண்டிக் காதுக்குள் போய், அங்கிருந்து பல்லுக்கு இறங்கி, முழங்காலில் போய் நின்றது.

கண்ணைத் திறந்தபோது கீழே தெரு முழுக்கக் குதிரைகளாக இருந்தன.

பட்டாளத்துக் குதிரைகள். சேணம் பூட்டியிருந்தது, சேணத்தில் ஆள் இல்லை. தெருமுனையில் அவர் கடைக்கு நேரே ஒரே குவியலாக மோதி, பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, வால் தெரியப் பூங்கா பக்கம் பறந்துவிட்டன. கடைசிக் குதிரை மட்டும் ஒரு தடவை அண்ணாந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது போல அவருக்குத் தோன்றியது.

டெய்லர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். தெரு அமைதியாக இருந்தது.

ஸ்டூலோடு வந்த மனைவி கேட்டாள்.

"என்னங்க அது, இடி விழுந்த மாதிரி சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"செவிடுக்கே கேட்டிருக்கும். போர்டைக் கீழ போட்டுட்டீங்களா?"

"நானா? நான் பூ மாதிரி இறக்கி வெச்சேன். சத்தம் உன் தம்பி கடையில. பாத்திரம் சரிஞ்சிருக்கும்."

கீழ்த்தளத்தில் டெய்லர் கடையை ஒட்டி இருந்தது அவளுடைய தம்பியின் பாத்திரக்கடை. அங்கே நாளுக்கு இரண்டு தடவையாவது ஏதாவது உருண்டு விழும். மனைவி மறு கேள்வி கேட்கவில்லை.

"அவனுக்கு அடுக்கத் தெரிஞ்சாத்தானே" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. மிரண்டு ஓடிய குதிரைகள் ஊரெல்லாம் பிடிபட்டுக்கொண்டிருந்தன. ஒன்று பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் பேருந்து வருகிற வரைக்கும் கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லையாம். இன்னொன்று கார் கழுவுகிற இடத்துக்குள் புகுந்து, இரண்டு காருக்கு நடுவே நின்று முழுக்கக் கழுவிக்கொண்டு வெளியே வந்திருந்தது. வெள்ளைப் பெட்டை ஒன்று பூங்காக் குளத்தில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு யார் கூப்பிட்டும் வர மறுத்தது. உயிருக்கு ஆபத்து எதற்கும் இல்லை. சிலவற்றுக்குக் காலில் அடி. எல்லாவற்றுக்கும் மனதில் அடி.

"குதிரைகள் மிரண்டதற்கான காரணம் குறித்து முகாம் எதுவும் சொல்ல மறுத்துவிட்டது" என்றாள் செய்தி வாசித்த பெண்.

"எந்தப் பாவி என்ன பண்ணினானோ. வாயில்லா ஜீவன்" என்றாள் மனைவி.

டெய்லருக்குப் புரையேறியது. அவர் எதையும் குடித்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தத் தகரத்தை என்ன செய்வது என்று பார்த்தார். விழுந்த வேகத்தில் நடுவில் பெரிய சொட்டை. வெட்டுகிற மேசைக்கு அடியில் தள்ளினார். மனைவி பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது கோயில் மணி மாதிரி ஒலித்தது. சுவரோரம் நிறுத்தித் துணி போர்த்தினார். காற்றுக்குத் துணி விலகிச் சொட்டை சிரித்தது. கடைசியில், ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து, அரைக் கொக்கு தெரியாதபடி முழுக்கப் பூசி, காய்ந்ததும் மச்சினன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"மாப்ளே, பின்பக்கம் மழை ஒழுகுதுன்னியே. இதை வெச்சு அடைச்சுக்க."

மச்சினன் தகரத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"மாமா, என் சட்டையில பித்தான் அறுந்தப்ப, பித்தானைத் தேடிக் கொண்டா தைச்சுத் தர்றேன்னவர் நீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உறவுன்னு ஒண்ணு இல்லையாடா?"

"அக்கா!" என்று அவன் பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "மாமாவுக்கு ஜுரம் இருக்கான்னு பாரு!"

டெய்லர் அவன் வாயைப் பொத்தாத குறையாகத் தகரத்தைச் சாய்த்துவிட்டு வந்தார். அப்பாடா என்று மிஷினில் உட்கார்ந்து காலை வைத்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது.

முகாமின் கேப்டன் இறங்கினார். அவர் ஒரு மூட்டையை மேசைமேல் வைத்தார்.

"டெய்லர், இதெல்லாம் நேத்து விழுந்தவங்களோட கால்சட்டை. எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் கிழிஞ்சிருக்கு. சீக்கிரம் வேணும்."

"இதோ, இன்னைக்கே தந்துடறேன் சார். குதிரையெல்லாம்..."

"லாயத்துக்கு வந்தாச்சு. தேறிட்டிருக்கு. பெரியம்மாதான் சாப்பிட மாட்டேங்குது."

"யாரோட பெரியம்மா சார்?"

"குதிரை. வெள்ளைப் பெட்டை. அதுதான் மூத்தது, அது சாப்பிட்டாத்தான் மத்ததெல்லாம் நிம்மதியாச் சாப்பிடும்." கேப்டன் தொப்பியைக் கழற்றினார். "இன்னொரு விஷயம். நேத்து காலையில இந்த முனையில ஒரு பெரிய சத்தம் கேட்டிருக்கு. அதைப் போட்டது யாருன்னு கர்னல் கேக்கறார்."

டெய்லரின் கால் மிஷின் மிதியில் தானாக ஓடியது. துணியே இல்லாமல் ஊசி ஏறி இறங்கியது.

"கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணுவீங்க?"

"கர்னல் நேர்ல பார்க்கணும்கிறார்."

"பார்த்து?"

"அது எனக்குச் சொல்லப்படல. சொல்லியிருந்தாலும் உங்ககிட்ட சொல்ல முடியாது."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். சத்தமெல்லாம் சரியாப் பிடிபடறதில்ல."

சொல்லியிருக்கக் கூடாது. கேப்டன் குனிந்து, அணிவகுப்பு மைதானத்தில் ஆணையிடுகிற குரலில் மறுபடி ஆரம்பித்தார்.

"நேத்து காலையில! இந்த முனையில! பெரிய சத்தம்! போட்டது யாரு!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. டீ எடுத்துக்கொண்டு மனைவியும் வந்துவிட்டாள்.

"நேத்து சத்தமா சார்? அது எங்க தம்பி கடையில பாத்திரம் விழுந்தது. இவர்தானே சொன்னார்."

டெய்லர் கண்ணால் சாடை காட்டினார். புருவத்தால் கெஞ்சினார். ஊசி குத்தின மாதிரி 'ஆ' என்று கத்திக்கூடப் பார்த்தார்.

"பார்த்துத் தைங்க" என்றாள் மனைவி. "இதோ பக்கத்துக் கடைதான் சார்."

"பாத்திரக்கடை" என்றார் கேப்டன் மனப்பாடம் செய்வது போல. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர் போனதும் மனைவி கேட்டாள், "ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு? நல்லதுதானே சொன்னேன்? நம்ம பேர்ல பழி வராம."

அன்று முழுக்க டெய்லர் கால்சட்டை தைத்தார். துணியின் மடிப்பிலெல்லாம் சிவப்பு மணல் ஒட்டியிருந்தது. முகாமின் மைதானத்து மணல். தட்டத் தட்ட மேசை சிவந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, மச்சினனைச் சுவரோரம் நிறுத்தி வரிசையாகத் துப்பாக்கி நீட்டுவது போலவும், கடைசி ஆசையாக அவன் பித்தான் கேட்பது போலவும் யோசித்துப் பார்த்து நடுங்கினார்.

சாயங்காலம் கால்சட்டை மூட்டையோடு ஒரு பை நிறையக் கேரட்டும் வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் கோட்டு வேலை போகும், சொல்லாவிட்டால் மச்சினன் போவான், இரண்டில் எது போனால் வீட்டில் சோறு கிடைக்கும் என்று கணக்குப் போட்டபடி லாயத்துக்குள் நுழைந்தார்.

லாயம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. காலில் கட்டு, கழுத்தில் மருந்து. ஆனால் எந்தக் குதிரையும் முனகவில்லை. அமைதியாக ஒரு காலை மடக்கி நின்றன. லாயக்காரர் ஒருவர் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கடைசித் தடுப்பில் பெரியம்மா சுவரைப் பார்த்து நின்றது. வைத்த தீனி வைத்தபடி இருந்தது.

"நேத்திலேர்ந்து இப்படித்தான்" என்றார் லாயக்காரர். "டாக்டர் பார்த்தாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோபம். யார் மேலன்னு தெரியல."

டெய்லருக்குத் தெரியும் போல இருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் போய், லாயக்காரருக்குக் கேட்காமல் குதிரையின் காதருகே சொன்னார்.

"மன்னிச்சுடும்மா. வேணும்னு போடல. கை நழுவிடுச்சு."

பெரியம்மா திரும்பியது. அவரை மேலும் கீழும் பார்த்தது. அவர் நீட்டிய கேரட்டை விட்டுவிட்டு, அவர் கழுத்தில் தொங்கின அளவு நாடாவின் நுனியை முதலில் வாயில் வைத்து மென்றது. பிறகு கேரட்டைத் தின்றது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் பையோடு.

லாயக்காரர் கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"டெய்லர்! சாப்பிட்டுடுச்சே! என்ன சொன்னீங்க அது காதுல?"

"சும்மா... விசாரிச்சேன்."

"அடடா, என்ன மனசு சார் உங்களுக்கு! ஊர்ல இத்தனை பேர் இருக்காங்க. வீடியோ எடுக்கத்தான் வந்தாங்க. ஒரு ஆளாவது கேரட்டோட வந்தானா? உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்?"

அவ்வளவு பாராட்டுக்குப் பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? பாதி அளவு நாடாவோடு டெய்லர் வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில், கடை திறந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கடையில் ஜீப் நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக்குரல். பிறகு மச்சினன் வெளியே வந்தான். சிப்பாய்களில் ஒருவர் பச்சைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் இருந்த சொட்டையை இன்னொருவர் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மச்சினனையும் தகரத்தையும் பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டு போய்விட்டார்கள்.

மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க! என் தம்பியைப் பட்டாளம் பிடிச்சுட்டுப் போகுதுங்க! பாத்திரம் விழுந்தா ஒரு குத்தமா? இந்த ஊர்ல யார் வீட்டுல பாத்திரம் விழல? நம்ம வீட்டுல தினம் நானே போடறேன்! போய்ப் பேசுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே!"

டெய்லர் ஊசியை மேசையில் குத்தி வைத்தார்.

"பாத்திரம் விழல."

"பின்ன?"

"போர்டு. நான்தான் போட்டேன். அந்தத் தகரத்தைப் பச்சை அடிச்சு அவன்கிட்ட குடுத்ததும் நான்தான்."

மனைவி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"ரெண்டு சட்டை, ஒரு துண்டு, பல் தேய்க்கிற பிரஷ். ரத்தக்கொதிப்பு மாத்திரை பையோட பக்கவாட்டுல இருக்கு. காலையில ஒண்ணு, மறந்துடாதீங்க."

"என்னது இது?"

"நீங்க உள்ள போய் உக்காந்துக்கிட்டு அவனை வெளிய அனுப்புங்க. எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்."

"கோட்டு வேலை போயிடும்டி. கடையே போயிடும்."

"போகட்டும். பிளவுஸ் தைச்சுப் பொழைப்போம்." வாசல் வரைக்கும் வந்து, குரல் கொஞ்சம் இறங்கிக் கேட்டாள். "அங்க போர்த்திக்க ஏதாவது குடுப்பாங்களா? இல்ல, போர்வை தரட்டுமா?"

அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று டெய்லர் நடையைக் கட்டினார். போகிற வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தார். 'கர்னல் அவர்களே, என் மச்சினன் நிரபராதி.' நன்றாக இருந்தது. 'தகரம் என்னுடையது, கையும் என்னுடையது.' இதுவும் நன்றாக இருந்தது.

முகாம் வாசலில் யாரும் தடுக்கவில்லை. அலுவலகக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பலர் இருக்கும் அரவம் கேட்டது. விசாரணை நடக்கிறது போலும். எதிரே மைதானத்தின் ஓரத்தில், இளவெயிலில், லாயக்காரர் பெரியம்மாவைக் கட்டிப்போட்டு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற குதிரைகள் வரிசையாக நின்று புல் தின்றுகொண்டிருந்தன. ஒன்று கண்ணை மூடித் தூங்கியது. மிரண்டு ஓடினவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

டெய்லர் பையைக் கீழே வைத்தார். அந்தக் கதவைத் தட்டிக் கர்னல் வரைக்கும் போகத் தைரியம் வரவில்லை. தெரிந்த முகத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"அண்ணே, உள்ள இருக்கிறவரை விடச் சொல்லுங்க. அன்னைக்கு அந்தச் சத்தத்தைப் போட்டது அவர் இல்ல. நான்தான். தகரம் என்னோடது. என் கையிலேர்ந்துதான் விழுந்துச்சு. என்ன பண்றதா இருந்தாலும் என்னைப் பண்ணுங்க."

லாயக்காரர் பிரஷை நிறுத்தினார். டெய்லரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் முன்தினம் இருந்த மரியாதை இல்லை.

"கர்னல் ஐயா தும்மின தும்மல்ல முகாம் வாசல்லயே ஆளையெல்லாம் தள்ளிட்டு, ரயில் பாதையைப் பார்த்து நேரா ஓடின குதிரைகளைப் பூங்கா பக்கம் திருப்பிவிட்டது அந்தச் சத்தந்தான்னு வெளிய தெரிஞ்சதும், நான்தான் போட்டேன்னு வர்ற நாலாவது ஆள் நீங்க" என்றார் லாயக்காரர். "மத்தவங்களாவது பரவாயில்ல டெய்லர், உள்ள பதக்கம் குத்திக்கிட்டு உக்காந்திருக்கிற சொந்த மச்சினர் பேரைத் தட்டிப் பறிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"